சங்குமுகத்து விமான நிலையம்



மும்பை, டில்லி, கொல்கத்தா, பெங்களூரு முதலிய நகரங்களில் வாழும் தமிழர்களுள் குமரி மாவட்டத்தையும் திருநெல்வேலிச் சீமையின் தென்பகுதியையும் சொந்த ஊராக உடையோர் பலர். பண்டிகைக்கோ திருமணத்துக்கோ, நல்லதுக்கோ அல்லதுக்கோ, அவர்கள் விமானத்தில் ஊர் திரும்பும்போது பெரும்பாலும் தமிழ்நாட்டு மண்ணில் வந்து இறங்குவதில்லை. கேரளத்தின் தலைநகராகிய திருவனந்தபுரத்தில் இறங்கி, களியக்காவிளையைத் தாண்டித்தான் தமக்குரிய எல்லைக்குள் நுழைகின்றனர். இந்த விமான நிலையம் வேறொரு மாநிலத்தில் இருப்பது. ஆயினும் நம்மவர் வீட்டுத் தலைவாயில் போன்றது. அதன் வரலாற்றையும் அது ஆற்றிவரும் பணிகளையும் இன்று உங்களோடு சிறிது நேரம் பேசலாம் என்று எண்ணுகிறோம்.

நாமும் நாஞ்சில் நாட்டைப் பூர்விகமாக உடையவர்கள்தாம். கலைப் பட்டப் படிப்பு முடித்து, மத்திய அரசாங்கத்தின் மொழிபெயர்ப்புப் பணியில் அமர்ந்து, இந்நகரிலேயே பல்லாண்டுகளாக வாழ்ந்து வருகிறோம். விமானம் ஓட்டவோ பழுது பார்க்கவோ நமக்குத் தெரியாது. வந்து போகும் உறவினரை வழியனுப்பியும் வரவேற்றும் அவ்விடத்து வாயில்களில் நின்ற நேரம் மட்டும் நம்மிடம் நிறைய உண்டு. அந்த உரிமையைக் கொண்டே பேசுகிறோம்.

முதலில் இடத்தைப் பார்ப்போம். திருவனந்தபுரம் நகரின் மேற்கே, அரபிக் கடலின் ஓரமாக, சங்குமுகம் என்னும் கடற்கரை இருக்கிறது. அக்கரைக்கும் நகருக்கும் இடையில் அமைந்திருப்பதே விமான நிலையம். அதன் சுற்றுப்புறத்தை ஒருமுறை வலம் வந்தால், ஒரு நாட்டின் போக்குவரத்து வரலாறு முழுவதையும் கண்டுவிடலாம். கிழக்குப் பக்கத்தில் பார்வதி புத்தனாறு என்னும் கால்வாய் ஓடுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவிதாங்கூரை ஆண்ட ராணி கௌரி பார்வதி பாய் காலத்தில் வெட்டப்பட்டது அது. அதன் கரையில் வள்ளக்கடவு என்று ஓர் ஊர். வள்ளம் என்றால் படகு, கடவு என்றால் துறை. கொல்லத்துப் பக்கமிருந்து சரக்குப் படகுகள் வந்து நின்ற காலத்தை அப்பெயர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

தெற்கே வலியதுறையில் கடலுக்குள் நீளும் பாலம் ஒன்று உண்டு. கப்பல்களிலிருந்து சரக்கு இறக்குவதற்கென்று எழுந்தது. 1956 ஆம் ஆண்டில் புதுப்பித்துக் கட்டப்பட்டது. பின்னாளில் அலைகளால் மிகவும் சிதைந்தது. கிழக்கே சாக்கை என்னும் பகுதி. கொல்லத்திலிருந்து வந்த புகைவண்டிப் பாதை 1918 ஜனவரி 1 ஆம் நாள் சாக்கையில்தான் முடிந்தது. நகரின் நடுவிலுள்ள தம்பானூருக்கு அது நீட்டப்பட்டது 1931 இல். படகு, கப்பல், புகைவண்டி ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வந்து நின்ற இடத்திலேயே நான்காவதாக விமானமும் வந்து இறங்கியது.

மலையாளத்தில் விமான நிலையத்துக்கு ‘விமானத்தாவளம்’ என்று பெயர். முதன்முதலாக அச்சொல்லைப் பலகையில் படித்தபோது, மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் நமக்குச் சற்றுப் பொறாமையே உண்டாயிற்று. ‘தாவளம்’ என்றால் தங்குமிடம். நம் தமிழ் அகராதிகளிலும் அப்பொருளில் காணப்படும் சொல்தான் அது. நாம் கைவிட்டோம், அவர்கள் வைத்துக்கொண்டனர். ‘நிலையம்’ என்பதில் ஓர் அலுவலகத்தின் சாயல் இருக்கிறது. ‘தாவளம்’ என்பதிலோ நெடுவழி நடந்தவர்கள் சுமையை இறக்கி இளைப்பாறும் காட்சி எழுகிறது. விமானம் என்ற சொல்லும் நமக்குப் புதியதன்று. கோயிலின் கருவறை மேல் எழும் கட்டடத்துக்கும் அதுவே பெயர். கோபுரமும் விமானமும் கொண்ட பத்மநாபசுவாமி கோயில் இங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. அக்கோயிலுக்கும் இந்த ஓடுபாதைக்கும் உள்ள தொடர்பைப் பின்னர்ச் சொல்வோம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். இந்நிலையத்தின் தொடக்கத்தை 1932 ஆம் ஆண்டிலிருந்து கணக்கிடுகின்றனர். அதற்கு வித்திட்டவர் கோதவர்ம ராஜா. ஜி. வி. ராஜா என்று சொன்னால் கேரளத்தில் எல்லோரும் அறிவர். திருவிதாங்கூர் அரச குடும்பத்து இளவரசியாகிய கார்த்திகைத் திருநாள் லட்சுமி பாயை மணந்தவர். விளையாட்டிலும் விமானம் ஓட்டுவதிலும் தீராத ஆர்வம் கொண்டவர். விமானப் பயிற்சிக் கழகம் ஒன்று இந்நகரில் தோன்ற அவரே காரணமாயிருந்தார். அதன் ஓர் உறுப்பாகவே விமானத் தளமும் உருவாயிற்று. அதற்கு முன்பு சமஸ்தானத்தின் தேவைக்கு வந்த விமானங்கள் கொல்லத்தில் இறங்கின. பின்னாளில் கேரள விளையாட்டுக் கழகத்தின் முதல் தலைவராக விளங்கிய அவர், 1971 ஏப்ரல் 30 ஆம் நாள் இமயத்தின் குலு பள்ளத்தாக்கில் நிகழ்ந்த விமான விபத்தில் உயிர் நீத்தார். அவர் பிறந்த அக்டோபர் 13 ஆம் நாள் கேரளத்தில் விளையாட்டு நாளாகக் கொண்டாடப்படுகிறது.

1932 ஆம் ஆண்டு இந்திய விமானப் போக்குவரத்துக்கே ஒரு பிறந்த ஆண்டு. அவ்வாண்டு அக்டோபர் 15 ஆம் நாள் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் பைகளுடன் ஒரு சிறு விமானத்தைத் தாமே செலுத்தி வந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னை வரை அத்தபாலைக் கொண்டு சேர்த்தவர் அவருடைய தோழர் நெவில் வின்சென்ட். மூன்றாண்டுகளுக்குப் பின், 1935 இல், டாட்டா விமானப் பணி பம்பாயிலிருந்து கோவா, கண்ணனூர் வழியாகத் திருவனந்தபுரம் வரை நீண்டது. மகாராஜா சித்திரைத் திருநாளின் ஆதரவும் அதற்கு இருந்தது. அவ்வழியில் வந்த முதல் விமானம் ‘ஃபாக்ஸ் மாத்’ என்னும் வகையைச் சேர்ந்தது. வின்சென்ட் அதனைச் செலுத்தி வந்தார் என்றும், மகாராஜாவின் பிறந்தநாளுக்கு வைசிராய் வில்லிங்டன் பிரபு அனுப்பிய வாழ்த்து மடல் அதில் வந்தது என்றும் வரலாறு கூறுகிறது.

அந்த விமானத்தை இன்றைய பிரயாணிகள் கண்டால் அஞ்சுவர். ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைச் சிறகு. ஒரே ஓர் இயந்திரம். மூன்று நான்கு பேர் மட்டும் முடங்கி அமரக்கூடிய மூடிய அறை முன்புறம் இருக்கும். விமானியோ அதன் பின்னால், கூரையில்லாத இருக்கையில், காற்றும் மழையும் முகத்தில் அறைய உட்கார்ந்திருப்பார். அத்தகைய சிறு ஊர்தியில்தான் 1935 நவம்பர் 1 ஆம் நாள் திருவனந்தபுரத்திலிருந்து பம்பாய்க்கு முதல் தபால் பறந்தது. அது சாதாரணத் தபாலன்று. சமஸ்தானத்துக்கே உரிய ‘அஞ்சல்’ துறையின் பை. தமிழில் நாம் இன்று தபாலுக்கு வழங்கும் அஞ்சல் என்ற சொல், திருவிதாங்கூரில் மன்னர் காலத்திலேயே ஒரு துறையின் பெயராக வழங்கியது. மணி கட்டிய கோலை ஏந்திக் காடும் மேடும் ஓடிய அஞ்சலோட்டக்காரர் சுமந்த பை, அன்று கடலோரத்தில் இறக்கை கட்டிக்கொண்டது. இந்தியத் தபால் துறையோடு அந்த அஞ்சல் துறை இணைக்கப்பட்டது 1951 இல்.

நவம்பர் 1 என்ற தேதியைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். சரியாக 21 ஆண்டுகள் கழித்து, 1956 நவம்பர் 1 ஆம் நாள், மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுக்காக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகி அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. செங்கோட்டையின் ஒரு பகுதியும் அவ்வாறே சேர்ந்தது. அந்தச் சேர்க்கைக்காகப் போராடியவர்களின் தியாகத்தை நாஞ்சில் நாட்டார் மறக்கமாட்டார்கள். ஆயினும் வீடு பிரியும்போது கிணறு ஒருவர் பங்கிலும் தோட்டம் மற்றவர் பங்கிலும் விழுவது உண்டன்றோ? அப்படியே, நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலிருந்த விமான நிலையம் கேரளத்தின் பங்கில் நின்றது. கிணறு யார் பங்கில் இருந்தாலும் நீர் மொள்ள வருவோரைத் தடுப்பதில்லை. அந்த மரபு இங்கே இன்றுவரை காக்கப்பட்டு வருகிறது.

அக்காலத்தில் விமானம் என்பது செல்வர்க்கும் அதிகாரிகளுக்கும் மட்டுமே உரியதாயிருந்தது. 1953 இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமையானபின், உள்நாட்டுப் பணியை இந்தியன் ஏர்லைன்ஸ் ஏற்றது. நம் ஊர்ப்புறத்தாருக்கோ நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குப் புகைவண்டியே 1979 ஆம் ஆண்டில்தான் வந்தது. 1938 இல் திருவிதாங்கூர் அரசாங்கம் தொடங்கிய பேருந்தே அதுவரை துணை. புகைவண்டி வருமுன்பே விமானத் தளம் கண்ட வழி இது என்று சொன்னால் வியப்பாகவே இருக்கும்.

பெரிய மாறுதல் 1970களின் பிற்பகுதியில் வந்தது. வளைகுடா நாடுகளில் எண்ணெய்ச் செல்வம் பெருகி, கட்டட வேலைக்கும் கடை வேலைக்கும் கப்பல்துறை வேலைக்கும் ஆட்கள் தேவைப்பட்டனர். ஏர் இந்தியாவின் போயிங் 707 விமானங்கள் இங்கிருந்து நேரே அரபு நாடுகளுக்குப் பறக்கத் தொடங்கின. பின்னர்க் கொழும்புக்கும் மாலத்தீவின் தலைநகராகிய மாலேக்கும் வழி திறந்தது. மாலத்தீவினர் இந்நகருக்கு மருத்துவத்துக்காக வருவது வழக்கமாயிற்று. 1991 ஜனவரி 1 ஆம் நாள் இது சர்வதேச விமான நிலையமாக உயர்த்தப்பட்டது. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை என்னும் நான்கு பெருநகரங்களுக்கு அடுத்தபடியாக, ஐந்தாவதாக அந்தத் தகுதியைப் பெற்றது இச்சிறு நகரமே.

2011 பிப்ரவரியில் சாக்கைப் பக்கம் புதிய முனையக் கட்டடம் திறக்கப்பட்டது. பின்னர் நிர்வாகத்தைத் தனியாரிடம் குத்தகைக்கு விட மத்திய அரசாங்கம் முடிவு செய்தபோது, கேரள அரசாங்கம் அதனை எதிர்த்தது. தானே ஏற்று நடத்த முன்வந்து ஏலத்திலும் கலந்துகொண்டது. பிரயாணி ஒருவருக்கு இவ்வளவு என்று அரசாங்கத்துக்குச் செலுத்தும் தொகையே ஏலத்தின் அளவுகோல். அதானி குழுமம் 168 ரூபாயும், கேரள அரசின் நிறுவனம் 135 ரூபாயும் கேட்டன. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. தீர்ப்பு குத்தகைக்குச் சாதகமாக அமைந்தது. 2021 அக்டோபர் 14 ஆம் நாள் 50 ஆண்டுக் குத்தகையில் நிர்வாகம் கைமாறியது. மன்னர் தொடங்கி, மக்களாட்சி வளர்த்து, வணிக நிறுவனம் நடத்தும் நிலையை ஒரு நூற்றாண்டுக்குள் அடைந்துவிட்டது இந்நிலையம். இது நன்றா தீதா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பயன்படுத்தும் நாம் கட்டணத்தையும் வசதியையும் இரு கண்ணாலும் கவனித்திருப்பதே முறை.

இப்போது ஓடுபாதையைப் பற்றிச் சில சொற்கள். இங்கு உள்ளது ஒரே ஓடுபாதை. நீளம் ஏறத்தாழ 3,400 மீட்டர். அதன் இரு முனைகளிலும் 14 என்றும் 32 என்றும் பெரிய எண்கள் எழுதப்பட்டிருக்கும். அவை வரிசை எண்கள் அல்ல, திசையைச் சொல்பவை. காந்த ஊசி காட்டும் பாகையில் கடைசிச் சுழியை நீக்கினால் கிடைப்பவை அவ்வெண்கள். 140 பாகை என்றால் தென்கிழக்கு. 320 என்றால் வடமேற்கு. விமானம் காற்றை எதிர்த்து எழுவதும் இறங்குவதும் வழக்கமாதலால், காற்றடிக்கும் திசையைப் பொறுத்து எந்த முனையைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்கின்றனர். ஒருபுறம் கடல், மறுபுறம் நெருக்கமான குடியிருப்புகள். ஆகவே விரிவு செய்ய நிலம் இல்லை என்பதே இதன் நெடுநாளையக் குறை. நிலம் எடுப்பதானால் தலைமுறையாக அங்கு வாழும் எளிய குடும்பங்கள் வீடு பெயர வேண்டும். ஆகையால் அப்பேச்சு எழும்போதெல்லாம் வள்ளக்கடவுப் பக்கம் கவலையும் எழுகிறது.

சிறியதானாலும் இக்கட்டில் உதவும் நிலையம் இது. 2025 ஜூன் 14 ஆம் நாள் பிரிட்டிஷ் கடற்படையின் எஃப்-35 பி என்னும் போர் விமானம் ஒன்று இங்கே அவசரமாக வந்து இறங்கியது. பின்னர் அதில் பழுதும் கண்டது. சொந்த நாட்டுப் பொறியாளர்கள் வந்து சீராக்கி, ஜூலை 22 ஆம் நாள்தான் அது புறப்பட்டது. உலகின் விலையுயர்ந்த விமானங்களுள் ஒன்று, கேரளத்துப் பருவமழைக் காலத்தில் ஐந்து வாரங்களுக்கு மேல் தங்கி நின்றதை ஊரார் வேடிக்கையாகப் பேசி மகிழ்ந்தனர். விருந்தினருக்கு ஊர் பிடித்துவிட்டது போலும் என்றார் நம் தேநீர்க் கடைக்காரர்.

வேறெங்கும் காண்பதற்கு அரியதொரு வழக்கமும் இங்குண்டு. பத்மநாபசுவாமி கோயிலில் ஆண்டுக்கு இருமுறை திருவிழா நடைபெறும். ‘பைங்குனி’, ‘அல்பசி’ என்று அவற்றைச் சொல்வர். நம் பங்குனியும் ஐப்பசியுமே அவை. விழாவின் நிறைவில் மூர்த்திகள் கருட வாகனத்தில் எழுந்தருளிக் கடலில் நீராடச் செல்லும் ஆறாட்டு நடைபெறும். கோயிலிலிருந்து சங்குமுகம் செல்லும் அந்தத் தொன்மையான பாதையின் குறுக்கேதான் ஓடுபாதை அமைந்திருக்கிறது. பாதையை மாற்றவில்லை, ஓடுபாதையையும் விலக்க இயலாது. ஆகவே அவ்விரு நாள்களிலும் மாலையில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் விமான நிலையமே மூடப்படுகிறது. உலகெங்குமுள்ள விமானிகளுக்கு முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பப்படும். விமானங்களின் நேரம் மாற்றி அமைக்கப்படும். யானையும் வாத்தியமும் முன்செல்ல, அரச குடும்பத் தலைவர் உருவிய வாளுடன் உடன்வர, ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து கடற்கரை அடையும்; நீராட்டு முடிந்து இரவில் தீவட்டி வெளிச்சத்தில் அவ்வழியே திரும்பும். ‘ஆண்டில் 363 நாள் மக்களுக்கு, 2 நாள் பத்மநாபனுக்கு’ என்று ஊரார் சொல்வதுண்டு.

ஒருமுறை ஐப்பசி ஆறாட்டு நாளென்று கருதாமல், மும்பை செல்லவிருந்த நம் பெரியம்மாவை மாலை நான்கு மணிக்கே அழைத்துச் சென்றுவிட்டோம். விமானம் இரவுக்கு மாற்றப்பட்டிருந்தது; செய்தியைப் பாராதது நம் பிழையே. “அரசாங்க உத்தியோகம் பார்க்கிறாய், ஐப்பசி ஆறாட்டு தெரியாதா உனக்கு?” என்று பெரியம்மா கடிந்துகொண்டார். பிறகு அருகில் போய் நின்று ஊர்வலத்தைக் கண்டு, “டிக்கெட்டுக் காசுக்கு இது மேல்” என்று சமாதானமானார்.

இனி நாம் சொல்ல விரும்பும் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். இந்நிலையத்தின் உயிர் அதன் கட்டடத்தில் இல்லை. வளைகுடாவுக்குப் போய் வரும் உழைப்பாளரிடத்தில் இருக்கிறது. ஆண்டொன்றுக்கு 40 இலட்சத்துக்கு மேற்பட்ட பிரயாணிகள் வந்து போகின்றனர். அவர்களுள் மலையாளிகளோடு தோளுரசி நிற்கும் தமிழர் அநேகர். குளச்சல், முட்டம், கூடங்குளம், உவரிப் பக்கத்து இளைஞர்களை இவ்வாயிலில் எந்நாளும் காணலாம். நூற்கயிற்றால் கட்டிய அட்டைப் பெட்டி, அதன்மேல் பெரிய எழுத்தில் பெயர், அருகே கண்ணீரை அடக்கி நிற்கும் தாய். இக்காட்சிக்கு மொழி வேறுபாடு இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் விடியற்காலை, உறவினர் ஒருவரை வரவேற்கச் சங்குமுகத்துப் பக்கமுள்ள முனையத்தில் நின்றிருந்தோம். இருபத்தைந்து வயதுள்ள இளைஞர் ஒருவர், கையில் ஒரு பெரிய உறையுடன், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார். நாம் தொலைபேசியில் தமிழ் பேசுவதைக் கேட்டு அருகே வந்தார். “அண்ணாச்சி, இதக் கொஞ்சம் வாசிச்சுச் சொல்லுவீங்களா?” என்றார். உறைக்குள் இருந்தவை, தகவலுக்காக அவருக்கு அனுப்பப்பட்டிருந்த நகல்கள். மரணச் சான்றிதழ், உடல் பதப்படுத்திய சான்றிதழ், இந்தியத் தூதரகத்தின் தடையின்மைச் சான்று, ரத்துச் செய்த கடவுச்சீட்டின் நகல், விமானச் சரக்குச் சீட்டு. அரபியிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டவை. இறந்தவர் அவருடைய அண்ணன். உடல் அன்று காலை வருவதாக இருந்தது.

அவர் வந்து நின்ற வாயில் வேறு. உடல் வரும் சரக்குப் பகுதி வேறு. மனிதராக ஏறிச் சென்றவர் இறந்து திரும்பும்போது விமானச் சட்டப்படி சரக்கில் சேர்கிறார். சீட்டில் சரக்கின் வகை எழுதும் கட்டத்தில் இரண்டு ஆங்கிலச் சொற்கள் இருந்தன. சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘மனித எச்சம்’ என்று வரும். ஆண்டுக்கணக்காக அரசாங்கச் சொற்களைத் தமிழாக்கி வரும் நமக்கு அன்று நா எழவில்லை. “இது உங்கள் அண்ணனுடைய உடலுக்குரிய சீட்டு, தம்பி” என்று மட்டும் சொன்னோம்.

மரணத்துக்குக் காரணம் என்ற இடத்தில், இதயமும் மூச்சும் நின்றன என்ற பொருளில் ஒரே ஒரு வரி இருந்தது. அதையும் சொன்னோம். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அண்ணாச்சி, அவனுக்கு வலிச்சிருக்குமா? அது இதுல போட்டிருக்கா? அம்மா கேப்பாங்க” என்றார்.

அந்தத் தாள்களை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து படித்தோம். இல்லாத ஒன்றைத் தேடுகிறோம் என்று தெரிந்தே படித்தோம். “இதில் அப்படி ஒன்றும் எழுதவில்லை, தம்பி” என்றுதான் சொல்ல முடிந்தது. வலித்திராது என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று பிற்பாடு பலமுறை எண்ணியதுண்டு. மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாகாது என்பது நம் தொழிலின் முதல் விதி. அந்த விதி அந்த இடத்துக்கும் உரியதுதானா என்பதற்கு நமக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை. உறவினருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஆட்டோவில் அவரைச் சரக்குப் பகுதிக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த மலையாளி ஊழியர் ஒருவர், தமிழில் தடுமாறித் தடுமாறிப் பேசி, கையெழுத்திட வேண்டிய இடங்களை விரல் வைத்துக் காட்டினார். அந்த விரலைப் போல நல்ல மொழிபெயர்ப்பை நாம் அதிகம் கண்டதில்லை.

இதனால் அன்பர்களுக்கு நாம் சொல்லக்கூடியவை சில உண்டு. வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் உறவினர் இருந்தால், அவர்தம் ஒப்பந்தத்தின் நகலையும் கடவுச்சீட்டின் நகலையும் வீட்டில் ஒருவர் படித்துப் புரிந்து வைத்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புத் தேறாதோர் வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன், 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். அத்தகைய அலுவலகம் திருவனந்தபுரத்திலும் உண்டு, சென்னையிலும் உண்டு. அவ்வாறு செல்வோருக்கு ‘பிரவாசி பாரதீய பீமா யோஜனா’ என்னும் காப்பீடு கட்டாயம். விபத்தால் மரணமோ நிரந்தர ஊனமோ நேர்ந்தால் 10 இலட்சம் ரூபாய் கிடைக்கும். விபத்து என்ற ஒரு சொல் மரணச் சான்றிதழில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரு குடும்பத்தின் நிலைமை மாறிவிடுகிறது. ஆதலால் எந்தத் தாளிலும் புரியாமல் கையெழுத்திடுதல் கூடாது. வெளிநாட்டில் வறிய நிலையில் இறந்தோரின் உடலை அனுப்பத் தூதரகங்களில் 2009 முதல் இந்தியச் சமுதாய நல நிதி ஒன்று இருந்து வருகிறது. தமிழ்நாட்டு அரசாங்கத்திலும் அயலகத் தமிழர் நலனுக்கென்று தனித் துறை உண்டு. கேட்பவர்க்கே உதவி கிட்டும். கேட்க வேண்டிய இடம் தெரிந்திருப்பதே பாதி உதவி.

பிற மாநிலங்களிலிருந்து இவ்வழியே ஊர் செல்வோருக்கும் ஒரு வார்த்தை. இந்நிலையத்தின் இரு முனையங்களும் ஓடுபாதையின் இரு பக்கங்களில் உள்ளன. ஒன்று கடற்பக்கம் சங்குமுகத்தில். மற்றொன்று நகர்ப்பக்கம் சாக்கையில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊரைச் சுற்றியே வர வேண்டும். உள்நாட்டு விமானங்களும் நிறுவனத்துக்கேற்ப இரண்டிலும் பிரிந்திருப்பதால், பயணச் சீட்டில் முனையத்தின் எண்ணைப் பார்த்த பின்பே வண்டி ஏறவேண்டும். பங்குனியிலும் ஐப்பசியிலும் பயணம் செய்வோர் ஆறாட்டு நாளைப் பஞ்சாங்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம். பெரியம்மாவிடம் வசவு வாங்கும் பேறு எல்லோருக்கும் வேண்டியதில்லை. இறங்கியபின், ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள தம்பானூரை அடைந்தால் புகைவண்டி நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. நாகர்கோவிலுக்குப் புகைவண்டியும் உண்டு. இரு மாநிலங்களின் பேருந்துகளும் உண்டு. நெய்யாற்றின்கரை, பாறசாலை கடந்து களியக்காவிளை வந்ததும் கடைப்பலகைகள் தமிழுக்கு மாறும். வெகுநாள் வடக்கே இருந்துவிட்டு வருவோர் அந்த இடத்தில் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்காருவதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம்.

அன்று அந்த இளைஞரோடு சென்ற வண்டியும் அவ்வழியேதான் சென்றிருக்கும். அவர் பெயரை நாம் கேட்கவில்லை. அவரும் நம் பெயரைக் கேட்கவில்லை. இப்போது அவ்வாயிலில் நிற்க நேரும்போதெல்லாம், கையில் உறையுடன் யாரேனும் தயங்கி நிற்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்ப்பது நமக்கு வழக்கமாகிவிட்டது. நீங்கள் வாழும் நகரத்து விமான நிலையத்திலும் அப்படி ஒருவர் நிற்கக்கூடும். அவர் தமிழராகவும் இருக்கலாம், பீகாரியாகவும் ஒடியாவாகவும் இருக்கலாம். அருகே சென்று, அந்தத் தாளை வாங்கிப் படித்துச் சொல்லுங்கள்.